எண் கேட்டால் எழுத்து வரும்போது
சி++ நிரல்மொழியில் மாத எண்ணைக் கேட்டு, 1 முதல் 12 வரையிலான எண் வரும்வரை வைல் லூப்பை (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) சுழலவிட்டால், 15 என்று தட்டுபவரை அது ஒழுங்காகவே திருப்பியனுப்பும். ஓர் எழுத்தைத் தட்டினாலோ, 'தவறான மாதம்' என்ற வரி திரையில் நிற்காமல் ஓடத் தொடங்கிவிடும்; உள்ளீட்டைப் படிக்கும் சின் (cin) பிழைநிலைக்குப் போய்விடுவதும், படிக்க முடியாத அந்த எழுத்து, உள்ளீடு காத்திருக்கும் தற்காலிக நினைவிடமான இடையகத்திலேயே தங்கிவிடுவதுமே இதற்குக் காரணம். ஆகவே லூப்புக்குள் முதலில் சின்.கிளியர் கொண்டு பிழைநிலையை நீக்கிவிட்டு, அதன்பிறகு சின்.இக்னோர் கொண்டு வரி முடியும்வரை மிஞ்சியதை அகற்ற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனெனில் பிழைநிலையில் இக்னோர் எதையும் அகற்றாது.

0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்கும் நிரலில் சிக்கல் இன்னும் நுட்பமானது: சி++11 பதிப்பு முதல், படிக்கத் தவறிய மாறியில் 0 எழுதப்படுவதால், எழுத்தைத் தட்டியவருக்கும் பூஜ்ஜியம் சத்தமின்றிப் பதிவாகிவிடும். எனவே எல்லையுடன் சின்னின் நிலையையும் நிபந்தனையில் சோதியுங்கள்.