பாக்கி கேட்கும் கடிதத்தை ஏஐ எழுதும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரக்கு போய் இரண்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ திறந்து "பேமெண்ட் கேட்டு ஒரு லெட்டர் எழுது" என்று தட்டினால், பத்து நொடியில் இலக்கணப் பிழை இல்லாத மெயில் ஒன்று வந்துவிடும். அதை அப்படியே அனுப்பினால் பெரும்பாலும் பதிலே வராது. சில சமயம் பார்ட்டி கோபித்துக்கொண்டு அடுத்த ஆர்டரையும் நிறுத்திவிடுவார்.

நோக்கம் முடிவாகும் முன்பே கருவியைத் திறப்பதுதான் இதில் பெரிய தவறு. யார் படிக்கப் போகிறார், அவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் நீங்கள் உண்மையிலேயே என்ன செய்வீர்கள் என்ற நான்கையும் முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு வேண்டியது பில் எண், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண், சரக்கு இறங்கிய தேதி. அவரிடம் நீண்டகால உறவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பர்ச்சேஸ் மேனேஜருக்கு அடுத்த லாட் எப்போது கிடைக்கும் என்பது கவலை. முதலாளிக்கோ மெயிலே வேண்டாம், ஒரு போன் போதும். மூவருக்கும் ஒரே கடிதம் போனால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவரும் விட்டுவிடுவார்கள்.

கருவிக்குச் சொல்வது இப்படி இருக்கட்டும்: "நாங்கள் கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம். படிப்பவர், வாங்கும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஊழியர். மூன்று பில், மொத்தம் ரூ.4,12,000, கெடு முடிந்து 12 நாள். எந்தத் தேதியில் பணம் போடுவார்கள் என்ற பதில் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். சட்டம் பேசாதே. 90 சொல்லைத் தாண்டாதே. நான் தராத எண்ணையோ தேதியையோ சேர்க்காதே." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், உங்கள் பில்லில் இல்லாத 18 சதவீத வட்டியைக் கருவி தானாகவே எழுதிவிடக்கூடும்.

அடுத்தது சட்டம். இங்கேதான் ஏஐ அதிகம் சறுக்குகிறது, சறுக்குவது வெளியே தெரிவதும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைக் காட்டி "45 நாளுக்குள் பணம் தர வேண்டும்" என்று எழுதும். 45 நாள் என்பது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் போடக்கூடிய உச்ச வரம்பு. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். நாளை எண்ணத் தொடங்குவதும் பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லியிருந்தால், அந்தக் குறை தீர்ந்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள்.

தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. கருவி அடிக்கடி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ விகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டும் வேறு. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் வட்டி 16.5 சதவீதம். அன்றைய விகிதத்தை ரிசர்வ் வங்கியின் தளத்தில் நீங்களே பார்த்துப் போடுங்கள்.

இந்தப் பாதுகாப்பு யாருக்கு என்பதையும் கருவி கேட்பதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு, நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுத் தளம்) பதிவு இருந்தாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். பதிவு ஆர்டருக்கு முன்பே இருந்ததா என்ற கேள்வியும் வழக்குகளில் எழும். தகுதி இல்லாதவர் இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டினால், எதிர்த் தரப்பு ஆடிட்டர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். அதற்குப் பிறகு உங்கள் எந்தக் கடிதத்துக்கும் அங்கே மதிப்பு இருக்காது.

தகுதி இருந்தால் மிரட்டலைவிட நன்றாக வேலை செய்யும் ஒரு விஷயம் உண்டு. 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் சேர்த்த 43பி(எச்) விதிப்படி, மேற்சொன்ன கெடுவைத் தாண்டி நிதியாண்டு முடிவிலும் (மார்ச் 31) நிலுவையில் நிற்கும் தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். பிப்ரவரியில் இதைப் பணிவாக நினைவூட்டினால் அக்கவுண்ட்ஸ் பிரிவு தானே முன்வரும், ஏனென்றால் அது அவர்களுடைய வரிக் கணக்கு. ஆனால் 1961 சட்டத்தின் இடத்துக்கு 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. கருவி பழைய எண்ணையே எழுதக்கூடும். ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதல் கடிதத்திலேயே சட்டம் பேசுவதும் தவறு. கெடுவுக்கு ஐந்து நாள் முன் ஒரு நினைவூட்டல், தாண்டிய மூன்றாம் நாள் ஒரு போன், போனில் சொன்னதை அன்றே உறுதி செய்யும் இரண்டு வரி மெயில், பதினைந்தாம் நாள் மேலதிகாரிக்கு. சட்டம் அதற்குப் பிறகுதான். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால் கருவி கடைசிப் படிக்குத் தாவிவிடும்.

தமிழில் எழுதச் சொன்னால் வேறொரு தொல்லை. "மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்களது மேலான ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்" என்று வரும். பத்து வருடமாக "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இது போனால், ஏதோ சண்டைக்கு வருகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். "அண்ணாச்சி, போன மாச பில் ரெண்டு நிக்குது, புதன்கிழமை போட்டு விட்ரீங்களா?" என்பதை நீங்களே தட்டச்சு செய்வதுதான் சரி.

பணம் கேட்பதைப் போலவே மன்னிப்புக் கேட்பதும் ஆபத்தான இடம். ஷிப்மெண்ட் தாமதம் என்று வெளிநாட்டு பையருக்கு எழுதச் சொன்னால், "முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறோம்" என்று கருவி தாராளமாக எழுதிவிடும். திருப்பூரில் இதன் விலை எல்லோருக்கும் தெரியும்: தவறு சப்ளையருடையது என்றானால், கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பும் செலவோ, டிஸ்கவுண்ட்டோ அவர் தலையில் விழும். பையர் தாமதமாக அப்ரூவல் கொடுத்திருந்தாலும் அந்த மெயில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். எத்தனை பீஸ் தயார், மீதி எப்போது ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும், பகுதி ஷிப்மெண்ட் வேண்டுமா, அப்ரூவல் எந்தத் தேதியில் வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். வருத்தம் ஒரு வரி போதும்.

பையரின் டெக் பேக் (டிசைன், அளவு விவரத் தாள்), ரேட், வங்கிக் கணக்கு எண் எதையும் இலவசக் கணக்கில் ஒட்டாதீர்கள். சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்து, 2023 மே மாதம் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. பெயருக்குப் பதில் "பையர் ஏ", தொகைக்குப் பதில் "எக்ஸ்" என்று போட்டுக் கடித வரைவை வாங்கி, உண்மை விவரங்களைப் பிறகு நிரப்பலாம். சாட்ஜிபிடி என்றால் செட்டிங்ஸில் டேட்டா கண்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் சொல்ல சாட்பாட் வைத்திருந்தால், அது சொல்வதும் நிறுவனத்தின் சொல்தான். ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், அதன் பேச்சுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை; பயணிக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. எனவே ரேட், ஸ்டாக், டெலிவரி தேதி, ரிட்டர்ன் ஆகிய நான்கையும் நீங்கள் கொடுத்த பட்டியலில் இருந்து மட்டுமே சாட்பாட் சொல்லட்டும். பட்டியலில் இல்லாத கேள்வி வந்தால் "கேட்டுச் சொல்கிறோம்" என்று ஆளிடம் கைமாற்ற வேண்டும். பட்டியல் மாறும் நாளிலேயே சாட்பாட்டில் இருப்பதையும் மாற்றி, ஐந்தாறு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.