மூடுபனியில் ஒட்டுப்படம்: ரெய்லாண்டர் வழி, குன்னூர்ச் சரிவு

ஒட்டுப்படம், அதாவது பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவது என்றால் ஃபோட்டோஷாப் வேலை என்று நினைக்கிறோம். சுவீடனில் பிறந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857-லேயே 30-க்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒரே படமாக அச்சிட்டுவிட்டார். ஒரு நெகடிவுக்கு வெளிச்சம் கொடுக்கும்போது மீதித் தாளை மூடிவைப்பது, அடுத்ததற்கு வேறு இடத்தைத் திறப்பது. இப்படியே ஆறு வாரம். யார் எங்கே நிற்பது என்பதைத் தாளில் வரைந்த பிறகுதான் அவர் கேமராவைத் தொட்டார். நீங்களும் வரைந்துகொண்டு மலையேறுங்கள்.

குன்னூர்த் தேயிலைச் சரிவு இதற்குத் தோதான இடம். அடர்ந்த மூடுபனியில் நிழல் விழாது என்பதால் ஒளியின் திசை பொருந்தாத தொல்லை இல்லை. ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும் காலடியை இடுப்பளவுச் செடி மறைத்துவிடும். தோட்ட மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, கொழுந்து பறிப்பு முடிந்த பகுதிக்குள் போங்கள்.

டிரைபாடை இறுக்கி, எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, வெள்ளைச் சமன் 5500 கெல்வின். கேமராவின் ஒளி மீட்டர் வெள்ளை மூடுபனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம் கொடுங்கள். முதலில் ஆளில்லாத சரிவு. பிறகு ஒரே ஆளை வரைந்த இடங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி எடுங்கள். பத்தே நிமிடத்தில் பனியின் அடர்த்தி மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆள் படத்துக்குப் பிறகும் வெற்றுச் சரிவை மறுபடி ஒருமுறை.

கணினியில் ஒட்டும்போது பெரும்பாலோர் சறுக்குவது கறுப்பில்தான். பனி மெலிந்தபோது எடுத்த ஆளை, பனி அடர்ந்திருந்த சரிவில் ஒட்டினால், தூரத்தில் நிற்பவர் தலைமுடி மட்டும் கரியாகத் தெரியும். சரிவுப் படத்தில் அதே தூரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும். அதன் அடிமரத்தின் கறுப்பு அளவு 90 என்றால் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை), அந்த ஆளை ஒட்டிய அடுக்கான லேயருக்கு மட்டும் ஃபோட்டோஷாப்பின் லெவல்ஸில் அவுட்புட் கறுப்பை 90-க்கு உயர்த்துங்கள். ஆளைச் சுற்றியுள்ளதை மறைக்கும் மாஸ்க்கின் ஓரத்துக்கு ஒன்றிரண்டு பிக்ஸல் மென்மை போதும். அதற்கு மேல் போனால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்து, ஆள் சாமி படமாகிவிடுவார்.

குளிரிலிருந்து சூடான அறைக்கு வரும்போது கேமராவை வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் லென்ஸில் படியும்.

கடைசியில் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பொருந்தாத ஆள் அப்போதுதான் துருத்திக்கொண்டு நிற்பார்.