கன்றுக் கழிச்சல் வீட்டுக்குள்ளும் வந்தபோது

எங்கள் தொழுவத்தில் ஒரு கன்றுக்குக் காய்ச்சலோடு ரத்தம் கலந்த கழிச்சல் கண்டது. கொஞ்ச நாளில் மகளுக்கும் வயிற்றுப்போக்கு. சாண மாதிரியைச் சோதித்ததில் சால்மோனெல்லா என்று தெரிந்தது. மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவான குடல் பாக்டீரியா. மகளை டாக்டரிடம் காட்டினோம். ஓஆர்எஸ் கரைசலிலேயே தேறிவிட்டாள்.

கன்றைத் தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவர் சொன்ன உப்புக் கரைசலை அடிக்கடி புகட்டினோம். ஆன்டிபயாட்டிக் அவர் எழுதியது மட்டும்தான். நாமாகக் கடையில் வாங்கிப் போட்டு, மருந்துக்கு அசையாத கிருமி உருவானால் அது வீட்டு மனிதர்களுக்கும் ஆபத்து.

பெரிய வேலை தரைதான். காய்ந்த சாணத்தில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிப் பயனில்லை. குளோரினின் வீரியம் சாணத்திலேயே போய்விடும். முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் பிளீச்சிங் கரைசல் ஊற்றினோம்.

நல்ல கன்றுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் சீக்குக் கன்றிடம் போவோம். அதற்குத் தனி வாளி, தனிச் செருப்பு. நலமாகத் தெரியும் மாடும் சாணத்தில் கிருமியை வெளியேற்றலாம் என்பதால், யார் தொழுவத்தை விட்டு வந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். பச்சைப் பால் குடிப்பதை அடியோடு நிறுத்தினோம். கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுகிறோம். அடுத்து ஈன்ற கன்றுகளுக்கு இந்தக் கழிச்சல் வரவில்லை.