முதல் அட்வென்ச்சர் ரேஸ்: என்ன வாங்கணும், எப்படி ரெடி ஆகணும்

அட்வென்ச்சர் ரேஸ்னா ஓட்டம், மவுண்டன் பைக், கயாக் (துடுப்புப் போடுற சின்னப் படகு) எல்லாம் ஒரே ரேஸ்ல வரும், வழியையும் நாமளே கண்டுபிடிக்கணும். கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி ரேஸ் நடத்துறவங்க குடுக்குற கட்டாயப் பொருள் லிஸ்ட்ட முழுசா படிங்க, விசில், எமர்ஜென்சி பிளாங்கெட் (உடம்புச் சூட்ட காக்குற மெல்லிசான ஷீட்), ஹெட்லேம்ப்னு அதுல ஒண்ணு கொறஞ்சாலும் பெனால்டி வரலாம், சில இடத்துல ஸ்டார்ட் பண்ணவே விட மாட்டாங்க.

காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல ஷூக்கு பண்ணுங்க. வாட்டர்ப்ரூஃப் ஷூ வேண்டவே வேண்டாம், கயாக்ல இருந்து இறங்கும்போது மேல வழியா தண்ணி உள்ள போயிடும், வெளிய வராது, அப்புறம் ஊறின கால்லயே மணிக்கணக்கா ஓடி கொப்புளம் வந்துடும். தண்ணி வடிஞ்சிடற மெஷ் (வலைத்துணி) வச்ச, மண் பாதையில ஓடுறதுக்கான ட்ரெயில் ஷூ நல்லது, கால் வீங்கும்ங்கறதால அரை சைஸ் பெருசா எடுங்க. சைக்கிள் புதுசு தேவையில்ல, இருக்கற மவுண்டன் பைக்க சர்வீஸ் பண்ணி, டியூப் மாத்த கத்துக்கிட்டா போதும்.

நிறைய ரேஸ்ல ஜிபிஎஸ் கூடாது, மேப்பும் காம்பஸும்தான், அதனால ஓட்டத்த விட இதத்தான் நான் முக்கியம்னு சொல்லுவேன், வழி தப்பிட்டா எவ்ளோ வேகமா ஓடினாலும் வீண். வாரம் ஒரு நாள் சைக்கிள்ல இருந்து இறங்கின உடனே ஓடிப் பழகுங்க, முதல்ல தொடை கல்லு மாதிரி இருக்கும், போகப் போக சரியாகும். அப்பவே மணிக்கு 30-லிருந்து 60 கிராம் கார்போஹைட்ரேட் சாப்பிட்டும் பழகிக்கோங்க, ரேஸ் அன்னிக்கு புது எனர்ஜி ஜெல் (ஓடும்போது சாப்பிடற கார்போஹைட்ரேட் பாக்கெட்) எதையும் ட்ரை பண்ணாதீங்க.