வெளிப்புற அக்சஸ் பாயிண்டில் ஆண்டெனா மாட்டுவது எப்படி?

வெளியில் வைக்கும் வைஃபை அக்சஸ் பாயிண்டில் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) நான்கு ஆண்டெனாவைத் திருகுவது பத்து நிமிட வேலைதான். அதையே ஏணி மேல் நின்று செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். நட்டு நழுவி விழும், டேப் முனை ஒட்டாது, ஒரு கை எப்போதும் கம்பத்தைப் பிடித்திருக்கும். ஆகவே முடிந்ததை எல்லாம் தரையிலேயே முடித்துவிடுவோம்.

1. பொருந்துமா என்று பாருங்கள்

வெளிப்புறக் கருவிகளில் பெரும்பாலும் என்-டைப் கனெக்டர் இருக்கும். சிறிய கருவிகளில் ஆர்பி-எஸ்எம்ஏ வரும். இதற்கும் சாதா எஸ்எம்ஏவுக்கும் மரை ஒன்றுதான், நடு ஊசிதான் இடம் மாறியிருக்கும். தெரியாமல் மாற்றித் திருகினால் அழகாக உட்காரும், ஆனால் ஊசி தொடாது; இல்லையென்றால் இரண்டு ஊசி மோதி உடையும். கேபிளின் மின்மறுப்பும் (இம்பீடன்ஸ்) பொருந்த வேண்டும்: டிவி கேபிள் 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம், அதனால் அது ஆகாது.

ஆண்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்பதைச் சொல்லும் எண் டிபிஐ. 'டிபிஐ அதிகம் என்றால் நல்லது' என்று வாங்கிவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் பரப்பும் ஆண்டெனாவில் அந்த எண் கூடுவது, களிமண் உருண்டையைத் தட்டையாக அழுத்துவது போல. அகலம் கூடும், உயரம் குறையும். உயரமான கம்பத்தில் மாட்டினால் நேர் கீழே நிற்பவருக்குத்தான் சிக்னல் மோசமாகக் கிடைக்கும்.

ஆண்டெனாவைத் தள்ளி வைக்க வேண்டுமா? கேபிளைக் குட்டையாக வையுங்கள். நல்ல தடிமனான எல்எம்ஆர்-400 கேபிள்கூட 10 மீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 2 டெசிபலுக்கு மேலும், 5 கிகாஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்கு மேலும் விழுங்கும். 3 டெசிபல் போனால் பாதி சக்தி போயிற்று என்று அர்த்தம்.

2. மேலே பாருங்கள்

மின்கம்பி அருகில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கம்பமோ ஏணியோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

3. மின்சாரத்தை நிறுத்துங்கள்

மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே வருவதால் சுவரில் சுவிட்ச் தேடாதீர்கள். பிஓஇ இன்ஜெக்டரிலோ (நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) நெட்வொர்க் ஸ்விட்சிலோ கேபிளைப் பிடுங்குங்கள். ஆண்டெனா இல்லாத போர்ட்டில் ரேடியோ ஓடினால், வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து பெருக்கியைப் பாதிக்கலாம்.

4. திருகுங்கள்

ஊசி வளையாமல் இருக்கிறதா என்று பார்த்து, நேராக வைத்து, கையால் முடிந்தவரை நட்டை மட்டும் சுழற்றுங்கள். ஆண்டெனாவின் உடலைப் பிடித்து முறுக்கக் கூடாது. கடைசியில் ஸ்பேனரால் லேசாக ஒரு இழுப்பு, போதும்.

5. தண்ணீரை வெளியே நிறுத்துங்கள்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். மழைக்குப் பிறகு பழுதான ஒரு கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பார்த்தவர்கள் டேப் சுற்றுவதில் மறுபடி அவசரப்பட மாட்டார்கள்.

தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்தபடி, முந்தைய சுற்றில் பாதியை மூடிக்கொண்டு சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடு வேய்ந்தது போல நீர் வழிந்துவிடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை வாங்கும். அதன் மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப். கடைசிச் சுற்றை இழுக்காமல் ஒட்டுங்கள், இழுத்தால் நாளடைவில் பிரிந்துகொள்ளும்.

ஆண்டெனா அடியில் சிறு துளை இருந்தால் அது வடிகால். அதை மூடாதீர்கள், அது கீழ்நோக்கியே இருக்கட்டும். பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கினால், துளிகள் அங்கேயே சொட்டிவிடும்.

6. எர்த்

கருவியின் எர்த் திருகிலிருந்து கட்டிடத்தின் எர்த்துக்குத் தடித்த கம்பியை, குட்டையாக, கூர்மையான வளைவில்லாமல் கொண்டுபோங்கள். நீளமான ஆண்டெனா கேபிளிலும், நெட்வொர்க் கேபிளிலும் மின்னல் அரெஸ்டர் வையுங்கள். நேரடி இடியை அது தடுக்காது. பக்கத்தில் விழும் இடியால் கேபிளில் கிளம்பும் அழுத்தத்தைத்தான் வடிக்கும். எர்த் இணைப்பில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

7. இப்போது ஏறுங்கள்

காற்றோ இடியோ இருந்தால் நாளை பார்க்கலாம். பாதுகாப்பு பெல்ட், கீழே ஒருவர், கருவியை மேலே இழுக்கக் கயிறு. கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள்.

8. இயக்கிப் பாருங்கள்

முதலில் கருவியின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் ஆண்டெனாவின் டிபிஐயைப் பதியுங்கள். ரேடியோ 20 டிபிஎம் (சக்தியின் அளவு), ஆண்டெனா 8 டிபிஐ, கேபிள் இழப்பு 1 டெசிபல் என்றால் வெளியே போவது 27 டிபிஎம், அதாவது 500 மில்லிவாட். உங்கள் நாட்டின் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் ரேடியோவின் சக்தியைக் குறைத்தாக வேண்டும்.

அப்புறம், ஒரே மாதிரி ஆண்டெனாக்களில் தனித்தனியே வரும் சிக்னல் அளவைக் காட்டும் வசதி இருந்தால் குறித்து வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும். ஒன்று மட்டும் 10 டெசிபல் போல இறங்கி நின்றால் அந்தக் கனெக்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முதல் பெருமழைக்கு மறுநாள் அதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஏதாவது ஒன்று இறங்கியிருந்தால், டேப்பைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.