மாத்திரை தரும் கனவைக் குறித்துவைக்க

மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம், இறந்துபோன அப்பா தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலை உலர்த்துவதாகக் கனவு. ஈர நைலான் வாடைகூட வந்தது. பயந்துபோனேன். நீங்கள் பயப்படாதீர்கள். இவ்வகை மாத்திரைகள் கனவு மிகுந்த ரெம் உறக்கத்தைக் குறைக்கும்; ஆனாலும் வருகிற கனவு சிலருக்கு அச்சு அசலாக இருக்கும்.

தலையணைக்கடியில் ஒரு நோட்டு வையுங்கள். விழித்ததும் உடனே எழாமல், கண்மூடிக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நாலு வரி எழுதுங்கள், மாத்திரை போட்ட நேரத்தோடு. என் நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினார், எனக்கு அது பலன் தந்தது.

கனவு பிடிக்கவில்லை என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் அடங்கியிருந்த ரெம் உறக்கம் திரும்பிப் பெருகி, கெட்ட கனவு கூடலாம்.