முதல் வாரம், ஏழு பேர், ஒரு பணியாரக் கல்

கல்லூரி திறக்கிற வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு பெரிய பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சோப்பு டப்பாவும் முறுக்கு டப்பாவும், பக்கத்தில் கண் கலங்காமல் இருக்கப் பாடுபடும் ஓர் அம்மா. அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற முதல் ராத்திரிதான் கஷ்டம். இந்த வருடம் வருகிற தம்பி தங்கச்சிகளை வரவேற்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், மேடை, மைக், பூச்செண்டு என்று கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சேர்ந்த வருடம் எங்களை ஒரு பெரிய அரங்கில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக மேடையேறிப் பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பெயர்கூட மனதில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் முறை வருமுன்பே கை நடுங்கி எழுந்து போனவள், திரும்ப வரவேயில்லை. எனக்குப் பேச்சுத்துணை கிடைத்தது மூன்றாம் நாள், மெஸ்ஸில் சின்ன வெங்காயம் உரிக்க ஆள் போதவில்லை என்று எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டபோது. ஒரு கூடை உரித்து முடிப்பதற்குள் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று. மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் என்னோடு பேசுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், கைக்கு வேலை கொடுங்கள், பேச்சு தானாக வரும். கூட்டம் ஏழு பேரைத் தாண்ட வேண்டாம்.

ஏன் ஏழு என்றால், மெஸ்ஸில் கிடைக்கிற சின்னப் பணியாரக் கல்லில் பெரும்பாலும் ஏழு குழிதான் இருக்கும், ஆளுக்கு ஒன்று. மெஸ் அக்காவிடம் முதல் நாளே சொல்லி, மீந்த இட்லி மாவும், ஓர் அடுப்பும், ஒரு மணி நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கட்டும், ஒருவர் கறிவேப்பிலை உருவட்டும், ஒருவர் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளிக்கட்டும், எல்லாவற்றையும் வதக்கி மாவில் கொட்டிக் கலந்தாகிவிட்டது என்றால் சரி. கல் நன்றாகக் காய்ந்த பிறகு குழிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு முக்கால் குழி மாவு ஊற்றுங்கள், முழுக்க ஊற்றினால் உப்பி வழிந்து பக்கத்துக் குழியோடு ஒட்டிக்கொள்ளும். ஓரம் சிவந்து, நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போது கம்பியை ஓரத்தில் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினால் பணியாரம் தானே புரண்டு படுக்கும். முதல் தடவை எல்லோருக்கும் பிய்ந்துதான் வரும். பிய்ந்ததைத் தின்றுகொண்டே அடுத்தவருக்கு வழி சொல்லும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும். எண்ணெய்ச் சட்டியில் பொரிக்கிற வெள்ளைப் பணியாரத்தை முதல் வாரத்தில் வேண்டாம் என்பேன், அதற்குக் கை பழக வேண்டும், ஏழு பேர் கொதிக்கிற எண்ணெயைச் சுற்றி நிற்பதும் நல்லதில்லை.

பணியாரம் வேகும் நேரத்தில் ஒரு கேள்வி போடுங்கள். அம்மாவைப் பெற்ற பாட்டியை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? இவ்வளவுதான் விளையாட்டு. அம்மாச்சி என்று ஒருவர், அம்மாயி என்று ஒருவர், திருநெல்வேலிக்காரர் ஆச்சி என்பார். உடனே நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து பார்க்கும், ஏனென்றால் அவர்கள் வீட்டில் ஆச்சி என்றால் அக்கா, அம்மாவின் அம்மா ஆயா. அப்புறம் அப்பச்சி என்ற சொல்லை எடுங்கள். நகரத்தார் வீட்டில் அது அப்பா, கொங்குப் பக்கத்திலிருந்து வந்தவருக்கோ அது அம்மாவைப் பெற்ற தாத்தா. "உங்க அப்பச்சிக்கு என்ன வயசு?" "எழுபத்தெட்டு." அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் திகைத்துப் போகும், பிறகு விஷயம் புரிந்து எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். தாத்தா பாட்டியைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் இருக்காது, வீட்டை விட்டு வந்த முதல் வாரத்தில் அவர்களைப் பற்றிப் பேசுவது மனசுக்கும் இதம். ஒன்று மட்டும் கவனியுங்கள், பேச்சு யார் என்ன சாதி என்ற பக்கம் திரும்பினால் சொல்லை மாற்றிவிடுங்கள். கரண்டிக்கு என்ன பேர், குடத்துக்கு என்ன பேர் என்று போய்விடலாம்.

அடுத்தது ஊர் சுற்றுவது. செட்டிநாட்டு வீடுகளில் பல, முகப்பு ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். மூன்று பேர் ஒரு வீட்டின் முகப்பில் நிற்கட்டும், மற்ற நாலு பேர் தெருவைச் சுற்றிப்போய் அதே வீட்டின் பின்கதவு எது என்று கண்டுபிடிக்க வேண்டும், எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டு. வெளியே நின்று விளையாடுகிற விளையாட்டு இது, உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. திண்ணையில் பெரியவர் யாராவது இருந்தால் "ஐயா, இந்த வீட்டுக் கொல்லைக் கதவு எந்தத் தெருவுல இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்கலாம், பல சமயம் பர்மாத் தேக்கிலிருந்து தொடங்கி வீட்டுக் கதை முழுக்கக் கிடைத்துவிடும். போட்டோ எடுப்பதானால் கேட்டு எடுங்கள், ஆயிரம் ஜன்னல் வீட்டையும் வெளியிலிருந்து பார்த்தால் போதும். போகிற வழியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பேர் தெரியாத ஒரு பொருளைப் பார்த்து வைத்து, கடைக்காரரிடம் அது எதற்கு என்று கேட்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வியாபாரம் நடக்கும் நேரத்தில் கூட்டமாக நுழைய வேண்டாம்.

சனிக்கிழமை நேரம் கிடைத்தால் ஆத்தங்குடி. டைல் போடும் பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்த பின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. பட்டறைக்காரர் அனுமதித்தால் ஒருவராவது ஊற்றிப் பார்க்கட்டும்.

அழகப்பா வளாகத்துப் பிள்ளைகள் என்றால் ஒரு சாயங்கால நடை கட்டாயம். அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக்கல்லூரி தொடங்கியதையும், மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியதையும் அந்த இடத்தில் நின்று சொன்னால் மனதில் நிற்கும். கூடவே குடிதண்ணீர் எங்கே, நூலகம் எத்தனை மணிக்கு மூடும், ஜெராக்ஸ் எங்கே மலிவு என்பதையும் காட்டுங்கள், முதல் வாரத்தில் அதற்குத்தான் அதிகத் தவிப்பு. மழை வந்தால் வராந்தாவில் தாயமோ பல்லாங்குழியோ போதும்.

நேரத்தை யோசித்து வையுங்கள். தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் புதுக்கோட்டைக்கும் தினமும் பஸ்ஸில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் அவர்கள் எதிலும் இருக்க மாட்டார்கள், மூன்றாம் மாதம் பார்த்தால் வகுப்பே விடுதிக்காரர்கள், பஸ்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால் நல்ல நிகழ்ச்சியை மதிய இடைவேளையிலோ கடைசி வகுப்பு முடிந்த கையோடோ வையுங்கள், பெண்கள் விடுதி மூடும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். காசு வசூல் வேண்டாம். இருபது ரூபாய் என்றாலும் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்துவிடும்.

யாரையும் பாடு, ஆடு என்று நிற்க வைக்காதீர்கள், "சும்மா ஜாலிக்குத்தான்" என்று சொன்னாலும் அது ராகிங்தான், தமிழ்நாட்டில் 1997லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற உதவி எண்ணை முதல் நாளே நீங்களே அவர்கள் போனில் போட்டுக்கொடுங்கள். சீனியர் கையால் வரும்போது அந்த எண்ணுக்கு அர்த்தமே வேறு.

அப்புறம், எதற்குமே வராத ஒருவர் கண்டிப்பாக இருப்பார். காரணம் கேட்டு நெருக்க வேண்டாம். ஒரு தட்டில் நாலு பணியாரமும் கொஞ்சம் காரச் சட்னியும் வைத்து, இரண்டே பேர் போய்க் கதவைத் தட்டுங்கள். திறந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம். திறக்காவிட்டால் தட்டை மூடி வாசலில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் அறை எண்ணும் எழுதி வையுங்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்க எப்படியும் வருவார்.